பால்மரமும் சிறு காரின் டயரும்

சிங்கப்பூரின் தோ பாயோ என்னும் பெயர் இரு மொழிகள் கூடிப் பிறந்தது. ‘தோ’ என்பது ஹொக்கியன் சீனத்தில் ‘பெரிய’ எனப் பொருள்படும். ‘பாயோ’ என்பது ‘பாயா’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. சதுப்பு நிலம் என்பது அதன் பொருள். ஆகவே தோ பாயோ எனின் பெருஞ்சதுப்பு. 1960ஆம் ஆண்டில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்நிலத்தைத் திருத்தி அடுக்குமாடி நகராக்கிற்று. நீர் தேங்கி நின்ற இடம் என்பதற்கு இன்று அங்கே பெயர் ஒன்றே சான்று.

அந்நகரின் எட்டாம் லோரோங்கில் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயில் உள்ளது. நகரின் நடுப்பகுதியில் இருந்த அக்கோயில் 1980களில் இங்கே குடிபெயர்ந்தது. அதே லோரோங்கில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைகள் நிரம்பிய தொழிற்பேட்டையும் உண்டு. புது வண்டி வாங்கிய தமிழர் கோயில் வாயிலில் பூசை செய்வித்துச் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிச் செல்வது வழக்கம். டயருக்கு மக்கள் மரியாதை செய்வது அந்த ஒரு நாள்தான். அடுத்து அதனை அவர்கள் உற்று நோக்குவது, அது தேய்ந்து மொட்டையான பிறகே. மலாய் வழக்கைத் தழுவி ‘போத்தாக்’ என்பார் சிங்கப்பூரார். தமிழகத்தாரோ ‘பட்டன் தேய்ந்துவிட்டது’ என்பர். சொல் வேறாயினும் பொருள் ஒன்றே.

சிறு கார் வைத்திருக்கும் ஒருவர் டயர் மாற்ற வரும்பொழுது கடையில் எழும் வினாக்கள் சில: எந்த அளவு? எந்த நாட்டுச் சரக்கு? நான்கையும் மாற்றுவதா, இரண்டை மட்டுமா? மலிந்தது போதுமா? கேட்பதற்கு எளிய இவ்வினாக்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு நிற்கிறது. அவ்வரலாற்றில் ஒரு பாதி நூல்களில் நிறைய எழுதப்பட்டுள்ளது; அது கண்டுபிடித்தோர் கதை. மற்றொரு பாதி மரத்தடியில் நின்றோர் கதை. அவருட் பெரும்பாலோர் தமிழர். சிங்கப்பூரில் அமர்ந்து டயரைப் பற்றி எழுதப் புகுவோர் பின்னதை விட்டு முன்னதை மட்டும் சொல்வது முறையாகாது.

சாடியில் வந்த கன்றுகள்

அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் ரப்பர் நிலைத்தது அதன் பின்னரே. காற்றடைத்த டயருக்கு 1845இல் இராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளே இருந்த அக்காலத்தில் அது பயன்படாமல் மறக்கப்பட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் மீண்டும் அதனைக் கண்டு மிதிவண்டிக்குப் பொருத்தினார். தாம்சன் முந்தியவர் என்பது வெளிப்பட்டதும் டன்லப்பின் காப்புரிமை செல்லாது போயிற்று. ஆயினும் உலகில் நிலைத்த பெயர் டன்லப்பே. 1895இல் பிரான்சின் மிஷலின் உடன்பிறப்புகள் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூண்ட மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். இவ்வளவோடு கண்டுபிடிப்போர் கதையை நிறுத்திக்கொண்டு மரத்திடம் செல்வோம்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை அவற்றுள் ஒரு சிறு பங்கே. 1877இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தன. சில இங்கேயே நடப்பட்டன. சில பேராக்கின் கோலகங்சாருக்குச் சென்றன. பல்லாண்டு அம்மரங்களை எவரும் பொருட்படுத்தவில்லை. காப்பியும் மிளகும் கேம்பியருமே தோட்டக்காரர் கண்ணில் பட்டன. 1888இல் தோட்டத்தின் தலைவராக வந்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதுவரை பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்துவதே வழக்கம். தம் சட்டைப்பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு காண்போரிடமெல்லாம் நடச் சொல்லி வற்புறுத்தியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்னும் பட்டமும் பெற்றார். முதலில் செவிசாய்த்தவர் மலாக்காவின் டான் சே யான். அவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட ஆண்டு 1896. சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் வந்திறங்கியதும் அதே 1896ஆம் ஆண்டிலே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வண்டியும் அதன் காலுக்கு வேண்டிய மரமும் ஒரே ஆண்டில் இவ்வட்டாரத்தில் காலூன்றின.

ரிட்லி நூறாண்டு வாழ்ந்து 1956இல் மறைந்தார். அவர் பணிபுரிந்த தாவரத் தோட்டம் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. அவர் பெயரைச் சிங்கப்பூர் மறக்கவில்லை. ஆனால் அவர் கண்ட முறையைத் தம் கையால் நாள்தோறும் நடத்திக் காட்டியோர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இருளில் எழுந்தோர்

மலாயாவின் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஆள்கள் திரட்டப்பட்டனர். தோட்டத்தில் முன்னரே பணிபுரிந்த கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவது முறை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்றொரு நிதி ஏற்படுத்தப்பட்டு, தோட்டக்காரர் அனைவரிடமும் வரி தண்டி, ஆள்களின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கில் இறங்கினர். சிங்கப்பூர்த் தீவின் வடபாலிருந்த செம்பவாங், மண்டாய்ப் பகுதிகளிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அங்கே மரங்களுக்கு மாறாக வீடுகள் நிற்கின்றன.

இவ்வாறு வந்தோர் ரப்பரை ரப்பர் என்று வழங்கவில்லை, பால்மரம் என்றனர். தாயிடமும் ஆவினிடமும் கண்ட சொல்லை மரத்துக்கு ஏற்றியது இயல்பே. ஆலுக்கும் அத்திக்கும் பால் உண்டு என்பதை அவர்கள் முன்னரே அறிந்தவர்கள். பால் வெட்டுதல், ஒட்டுப்பால், பால் எடுக்கும் மங்கு, விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டு என ஒரு தொழிற்சொற்றொகுதி மலாயாத் தமிழில் வளர்ந்தது. ‘மங்கு’ மலாய்ச் சொல்லினின்றும், ‘பெரட்டு’ ஆங்கிலத்தினின்றும் வந்தவை. அகராதி தொகுப்போர் இச்சொற்களைக் கொச்சை என்று தள்ளாது திரட்டி வைத்தல் நன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மறைய மறையச் சொற்களும் உடன் மறைகின்றன.

பால் வெட்டுவோர் இருளில் எழுவதற்குக் காரணம் துரையின் கடுமை மட்டுமன்று. மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பது விடியலின் குளிரில். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து பால் விரைவில் உறைந்து நின்றுவிடும். மழை பெய்து பட்டை நனைந்தாலோ பால் வெட்டில் ஓடாமல் மரம் முழுதும் வழிந்து வீணாகும். ஆதலின் மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலிக்கும் குறைவு நேரும். டயரின் தேர்வில் இன்று முதலாவதாக எண்ணப்பட வேண்டிய அதே மழைதான் அன்று அதன் மூலப்பொருளைத் தந்தவரின் அடுப்பையும் ஆண்டது.

தமிழாசிரியர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. மலாய்க் கூட்டரசு நாடுகளில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாது உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்குமாறு தோட்ட உரிமையாளருக்குக் கடமை விதித்தது. பெரும்பாலும் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர். சில இடங்களில் கணக்கப்பிள்ளையே ஆசிரியர். ஆயினும் மலாயாத் தமிழ்க் கல்வியின் பெரும்பகுதி அக்கொட்டகைகளில் வேரூன்றியதே. டயர் உலகில் பெருகியிராவிடின் அப்பள்ளிகள் தோன்றியிரா. கூலியின் நிலையோ வேறு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர், சீனர்க்கு நிகரான கூலியும் மதிப்பான நடத்துகையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். அரசு படை கொண்டு அதனை அடக்கிற்று.

விலை ஏறிய கதை, இறங்கிய கதை

சிங்கப்பூர் இந்த மரத்தின் சந்தையாயிற்று. 1911இல் இங்கே ரப்பர் ஏலம் தொடங்கப்பட்டது. புகையூட்டிய தாள்கள் தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலேறின. விலை தாழ்ந்தபொழுது 1922இல் ஸ்டீவன்சன் திட்டத்தின் கீழ் மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. விலை ஏறிற்று, அமெரிக்கர் சினந்தனர். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவிலும், ஃபோர்டு பிரேசிலிலும் தமக்கெனத் தோட்டம் தேடிப் போனது அதன் விளைவே. பழைய ரப்பரை உருக்கி மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் பெருகியதும் அப்பொழுதே. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. சில ஆண்டுகளில் உலக மந்தம் வந்து விலை பாதாளத்தில் விழுந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். சிங்கப்பூரில் ரப்பர்க் காலணியும் டயரும் செய்த டான் கா கீயின் பெருநிறுவனம் 1934இல் கலைக்கப்பட்டது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்தது. நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அத்துடன் அற்றது. அமெரிக்காவில் சர்க்கரைக்கும் காப்பிக்கும் முன்னே பங்கீட்டுக்கு வந்த பொருள் டயரே. டயர் தேய்வதைக் குறைப்பதற்காகவே அங்கே வண்டிகளின் வேகம் மணிக்கு 35 மைலாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு கார்க்காரர் ஐந்து டயருக்கு மேல் வைத்திருத்தல் கூடாது என்றும் விதித்தனர். எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகள் போர்வேகத்தில் எழுந்தன. 1944க்குள் ஆண்டுக்கு ஏழு இலட்சம் டன்னுக்கு மேல் அவை ஈந்தன. போர் முடிந்தும் அப்பொருள் போகவில்லை. இன்று அமெரிக்க உற்பத்தியாளர் கூறும் கணக்கின்படி, ஒரு காரின் டயரில் எடைக்கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு மரத்து ரப்பர், இருபத்துநான்கு பங்கு செயற்கை ரப்பர். எஞ்சியது கரித்தூள், எஃகு, நூலிழை, மருந்துப்பொருள்கள். லாரி டயரில் மரத்து ரப்பர் முப்பத்துநான்கு பங்கு. விமான டயரில் அதனினும் மிகுதி. பாரமும் சூடும் மிக மிகப் பால்மரத்தின் தேவையும் மிகுகிறது. சிறு காரில் அதன் பங்கு குறைந்திருப்பது சிறு காரின் வேலை எளிது என்பதனாலேயே.

டயரின் கருநிறம் பிறவி நிறமன்று என்பதும் சிலர்க்குப் புதிதாகலாம். தொடக்கத்தில் டயர்கள் வெளிறியே இருந்தன. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரித்தூளைக் கலந்தபொழுதுதான் தேய்வைத் தாங்கும் வலிமை பன்மடங்காயிற்று. அதற்கு முன் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய டயரே நல்ல டயர்.

தமிழகத்தில் டயர்த் தேர்வின் வரலாறு வேறு போக்கினது. அங்கே நெடுங்காலம் ‘எந்த டயர்’ என்பதை விடக் ‘கிடைக்குமா’ என்பதே வினா. ஆகவே தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டும் ‘ரீட்ரேடிங்’ பெருந்தொழிலாயிற்று. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் ரீட்ரேடிங்குக்கு வேண்டிய ரப்பர் செய்ய முனைந்தார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்துடன் கூடி டயரே செய்யலானார். சென்னை ரப்பர் ஆலை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே இன்று எம்.ஆர்.எஃப். என உலகறிந்த பெயர். பலூனிலிருந்து பட்டனுக்கும் பட்டனிலிருந்து டயருக்கும் அவர் சென்ற வழி, பஞ்சம் தொழிலை எங்ஙனம் ஈர்க்கிறது என்பதற்கு நல்ல சான்று. மலாய் மொழியில் ரீட்ரேட் செய்த டயரை ‘தாயார் செலுப்’ என்பர். சாயத்தில் தோய்த்தெடுத்த டயர் என்பது சொல்லின் நேர்ப்பொருள். தமிழ்க் காதுக்கு ‘தாயார்’ என்று ஒலிப்பது வேடிக்கை. இன்று லாரிக்கும் விமானத்துக்கும் ரீட்ரேட் உண்டு. சிறு காருக்கோ புது டயரின் விலையே மலிந்துவிட்டமையால் அது ஏறத்தாழ வழக்கொழிந்தது.

சுவரில் எழுதிய எண்கள்

1959இல் பிரிட்டனில் மினி என்னும் சிறு கார் வெளிவந்தது. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் உள்ளிடத்தைப் பெருக்கும் பொருட்டுச் சக்கரத்தைப் பத்து அங்குலமாகக் குறுக்கினார். டன்லப் நிறுவனம் அதற்கெனத் தனி டயர் செய்து தந்தது. சிறு சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு மிகுதியான தடவை சுழல வேண்டும். மினியின் டயர் ஏறத்தாழ அரை மீட்டர் குறுக்களவு உடையது. கிலோமீட்டருக்கு அறுநூறு முறைக்கு மேல் சுழலும். இன்றைய சிறு காரின் டயர் ஐந்நூற்று முப்பது முறையளவே சுழலும். சிறு சக்கரம் விரைவில் தேய்வதும் சூடேறுவதும் இதனாலேயே.

இன்று சிங்கப்பூரில் சிறு கார்களில் மிகுதியாகக் காணப்படும் அளவுகளுள் ஒன்று ‘185/60 ஆர் 15 84 எச்’. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அவ்வகலத்தின் நூற்றுவீதமாகச் சுவரின் உயரம்; அஃதாவது 111 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். மில்லிமீட்டரும் நூற்றுவீதமும் அங்குலமும் ஒரே வரியில் நிற்கும் இக்கலவை, பிரெஞ்சு மரபும் ஆங்கில மரபும் முழுதும் ஒன்றாகாமல் கைகோத்ததன் தழும்பு. 84 பாரக் குறி: ஒரு டயர் 500 கிலோ தாங்கும். ‘எச்’ வேகக் குறி: மணிக்கு 210 கிலோமீட்டர். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பு 90 கிலோமீட்டராகலின், வேகக் குறியை உயர்த்திக் கூடுதல் விலை கொடுப்பதில் சிறு கார்க்காரர்க்குப் பயன் மிகவும் குறைவு. பாரக் குறியையோ உற்பத்தியாளர் கூறியதினும் தாழ்த்தலாகாது.

‘ஆர்’ என்னும் ஓரெழுத்தே இவ்வரியில் பெரும் புரட்சி. பழைய டயரில் நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காகச் சாய்ந்து வெட்டிச் சென்றன. டயர் உருளுந்தோறும் அவை ஒன்றோடொன்று உரசிச் சூடேறின. மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொணர்ந்த ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேரே சென்றன. பட்டனுக்குக் கீழே எஃகு வார் ஒன்று சுற்றி நின்றது. சூடு குறைந்தது, ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. சுவர் சற்றுப் பிதுங்கித் தோன்றியமையால் காற்று குறைந்துவிட்டதென்று மயங்கி மேலும் மேலும் காற்றடித்தோர் பலர்.

சதுப்பும் சாலையும்

தோ பாயோவின் தென்புறம் தீவு விரைவுச்சாலை செல்கிறது. சிங்கப்பூரில் முதன்முதல் கட்டப்பட்ட விரைவுச்சாலை அதுவே. இத்தீவில் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர். மழை நாள்கள் 170ஐ ஒட்டியவை. சென்னையின் மழை இதில் மூன்றில் இரண்டு பங்கே, அதுவும் பெரிதும் வடகிழக்குப் பருவத்தில் திரண்டு பெய்வது. எனவே சென்னையில் டயர் பெரும்பாலான நாள்களில் வெயிலுக்கு அஞ்ச வேண்டும். சிங்கப்பூரில் இரண்டு நாளைக்கு ஒரு நாளேனும் நீருக்கு அஞ்ச வேண்டும்.

சாலையில் நீர் திரண்டு நிற்கும்பொழுது, டயரின் பட்டன் பள்ளங்கள் அந்நீரை வெளியேற்ற இயலாவிடின், சக்கரம் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கும். திருப்பலும் பிரேக்கும் அப்பொழுது பயனற்றவை. அமெரிக்க நாசா ஆய்வாளர் 1963இல் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு கணக்கு வகுத்தனர்: டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குப் பவுண்டில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், மிதத்தல் தொடங்கும் வேகம் மைலில் ஏறத்தாழக் கிடைக்கும். 32 பவுண்டு அழுத்தமுள்ள டயருக்கு அது மணிக்கு 94 கிலோமீட்டரளவு. காற்று 25 பவுண்டுக்கு இறங்கியிருந்தால் 83 கிலோமீட்டரளவு. முன்னது விரைவுச்சாலையின் வரம்புக்குச் சற்று மேலே; பின்னது சட்டம் விடுத்த வேகத்துக்கு உள்ளேயே. பள்ளம் நிரம்பி வழியுமளவு நீர் நிற்கும் நிலைக்கே இக்கணக்குப் பொருந்தும்; நல்ல பட்டன் உள்ள டயர் அந்நிலையைத் தள்ளிப்போடும். மொட்டை டயர்க்கோ சிறு தேக்கமே அந்நிலை. விலை கொடுத்து வாங்கும் டயரினும் விலையின்றி அடிக்கும் காற்று முதன்மையானது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

சட்டம் வேண்டும் குறைந்த ஆழம் 1.6 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்கே நிற்கும் சிறு மேடுகள் இவ்வளவைக் காட்டுவன. பட்டன் அம்மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. புது டயரின் ஆழம் எட்டு மில்லிமீட்டர் அளவு. நனைந்த சாலையில் நிற்கும் தொலைவு, ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே சென்றதும் விரைந்து நீள்கிறது எனச் சோதனைகள் காட்டுவதால், மூன்றிலேயே மாற்றுக என்பர் ஒரு சாரார். நல்ல டயர் 1.6 வரை தாங்கும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும், முன்னரே கழிப்பது பொருள் விரயம் என்பர் மறு சாரார். மிஷலின் நிறுவனமே இக்கட்சியில் நிற்கிறது. சிறப்பாகச் செய்த டயருக்கு இரண்டாம் கட்சி பொருந்தலாம். மலிந்த டயர் வாங்கியவர்க்கும், பெருமழையில் நாள்தோறும் விரைவுச்சாலை ஏறுவார்க்கும் முதற்கட்சியே ஏற்றது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவோரிடை நெடுநாளைய வழக்கு ஒன்று உண்டு: புதியன இரண்டையும் முன்னே இடுதல். இன்றைய சிறு கார்களை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்களே ஆதலின் இது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் டயர் செய்வோர் ஒருமுகமாகக் கூறுவது, புதியன பின்னே செல்ல வேண்டும் என்பதே. நனைந்த வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே ஓடும். ஓட்டுநர் வேகத்தைத் தளர்த்தினால் பிடி திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி பம்பரமாகச் சுழலும்; அதனை மீட்பது பழகியவர்க்கும் அரிது.

பத்தாண்டின் இறுதியில்

1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தபின், சிங்கப்பூரில் ஒரு காரின் வாழ்நாள் பத்தாண்டு என்று கணக்கிடும் பழக்கம் நிலைத்தது. சான்றிதழைப் புதுப்பிப்போரும் உளர். ஆண்டுக்கு 16,000 கிலோமீட்டர் ஓடும் சிறு காருக்கு, 45,000 கிலோமீட்டர் உழைக்கும் டயர் மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆகப் பத்தாண்டில் மூன்று முறை மாற்றம். முதல் இரண்டில் சிந்தனை சீராக இருக்கும். மூன்றாவது எட்டாண்டு கடந்து வருகிறது. ஒன்றரை ஆண்டே எஞ்சிய வண்டிக்கு எதற்கு நல்ல டயர் என்னும் எண்ணம் எழுவது அப்பொழுதுதான். ஒன்றரை ஆண்டு என்பது இத்தீவின் கணக்கில் இருநூற்றைம்பது மழை நாள். வண்டியின் பழைமையில் பிரேக்கும் தாங்குவிற்களும் தளர்ந்திருக்கும். எனவே விலையில் இறங்குவதாயின் முதன் மாற்றத்தில் இறங்குவதே மேல்; மூன்றாவதில் இறங்குதல் எல்லாவற்றினும் தவறு.

நாட்டுப் பெயர் இன்று முன்போல் வழி காட்டாது. ஃபயர்ஸ்டோன் 1988இல் சப்பானின் பிரிட்ஜ்ஸ்டோனுக்கு உரியதாயிற்று. இத்தாலியின் பிரெல்லியில் 2015இல் சீன நிறுவனம் ஒன்று பெரும்பங்கு கொண்டது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கிட்டி நிறுவனத்தின் ஆலைகள் சீனத்திலும் இந்தோனேசியாவிலும் உள்ளன. சிங்கப்பூரிலேயே ஜூரோங்கில் பிரிட்ஜ்ஸ்டோன் 1965இல் ஆலை திறந்து 1980இல் மூடிற்று. மரத்தின் கதையும் இடம் மாறிவிட்டது: ஒரு காலத்தில் உலகில் முதலிடத்தில் இருந்த மலேசியாவைத் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முந்திச் சென்றன, தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, பால் வெட்டிய குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. எனவே சுவரில் எழுதிய நாட்டின் பெயரை விட அங்கே பொறித்த நான்கு இலக்கங்கள் பயனுடையன. ‘1824’ எனின் 2024ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்தில் செய்தது எனக் கொள்க. ஓடாமல் கடையில் கிடந்த டயரும் மூப்படையும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே முதல் ஏ முதல் இ வரை வகுத்த சீட்டு ஒட்டியிருந்தால், அதில் எரிபொருள் சிக்கனத்தைக் காட்டும் எழுத்தினும் ஈரப்பிடியைக் காட்டும் எழுத்தையே முதலில் நோக்குதல் தகும்.

விலை குறைவு என்று கடலைக் கடந்து ஜோகூர் பாருவுக்குச் சென்று டயர் மாற்றி வருவோர் பலர். எரிபொருளுக்கு முக்கால் கலம் நிரம்பியிருக்க வேண்டும் என்று தடை வைத்த சட்டம் டயருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அங்கே மாற்றினாலும் அளவு, பாரக் குறி, நான்கு இலக்கம் மூன்றையும் ஒத்துப் பார்ப்பது கடினமன்று. வாரம் ஒன்று கழித்துச் சக்கரச் சமன் குலைந்தால் திரும்பச் செல்லும் பாலத்து நெரிசலையும் விலையில் சேர்த்து எண்ண வேண்டும்.

கழற்றி வைத்த பழைய டயர் முன்பெல்லாம் வேறு பிறவிகள் எடுத்தது. தமிழகத்தில் அது செருப்பாயிற்று. சிறுவர் கோல் கொண்டு உருட்டும் வண்டியாயிற்று. மாட்டுவண்டியின் மரச்சக்கரத்தை நீக்கிவிட்டு வந்த காற்று டயர், ‘டயர் வண்டி’ என்னும் புதுச் சொல்லையே மொழிக்கு ஈந்தது. சிங்கப்பூரின் பழைய விளையாட்டுத் திடல்களில் அது ஊஞ்சலாகத் தொங்கிற்று. இன்று சிறு காரின் டயர் பெரும்பாலும் துண்டாக்கப்படுகிறது. எஃகு ஒரு புறமும் ரப்பர்த் துகள் ஒரு புறமும் பிரிகின்றன. அடுக்குமாடிகளின் கீழே பிள்ளைகள் விழுந்து எழும் மெத்தைத் தரைகளில் அத்துகளும் சேர்கிறது.